ஜாடிகள் திரும்பிய நாள்

அத்தியாயம் 14

போன வாரம் என் தம்பியையும் அவன் மகனையும் சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி விட்டுவிட்டு வந்தேன். வாரம் முழுக்க அப்படியேதான் இருந்தார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள்.

"அத்தே, அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளச் சொல்லுங்க."

"அக்கா, அவனுக்குக் கை இல்லையான்னு கேளு."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால்காரியா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் தம்பி ஜெரமையா டூமி கார்க் நகரத்தில், ஆற்றின் தென்கரையில், பீர் ஆலை வைத்திருக்கிறான். மகன் கோர்மக், பீர் காய்ச்சும் வித்தையை இங்கிலாந்தில் படித்துவிட்டு இந்த வருஷம்தான் ஊர் திரும்பினான். தாயில்லாப் பிள்ளை. வளர்த்தவள் கொப்னட் என்கிற நான்.

சண்டை வீட்டைப் பற்றியதுதான். எங்கள் வீட்டைப் பற்றி அல்ல, ஊரார் வீட்டைப் பற்றி. ஆலைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் தொழிலாளிகளுக்கு வீடு கட்டுகிறான் ஜெரமையா. வீட்டுக்கு வீடு ஜன்னல், புகைபோக்கி, வாசலில் தண்ணீர்க் குழாய். முதல் வரிசைக்குக் கூரை ஏறிவிட்டது. இரண்டாவது வரிசை கிறிஸ்துமஸ் பீரை நம்பி அஸ்திவாரத்தோடு நிற்கிறது. அந்த பீர் நன்றாக வந்தால் சுவர் எழும்பும். வராவிட்டால் புல்தான் எழும்பும்.

"ஆலையில கொதிகலன் ஓட்டை, இவர் ஊருக்கெல்லாம் ஜன்னல் வெச்சுத் தர்றார்" என்பது கோர்மக்கின் கட்சி. "ஜன்னல் இல்லாத வீட்டுல ஒரு மாசம் இருந்து பாருடா" என்பது அப்பனின் கட்சி. இந்த நிலையில்தான் அக்டோபர் கடைசி நாள் பண்டிகையான ஹாலோவீன் வந்தது.

---

பீர் பொங்கும்போது மேலே கட்டித் தயிர் போல ஈஸ்ட் திரளும். அதை வழித்து அடுத்த காய்ச்சலில் போடுவார்கள். அதில் திரள்வது அதற்கடுத்ததற்கு. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் தீபத்திலிருந்து தீபம் ஏற்றுவதுபோல ஓடிக்கொண்டிருக்கிறது. டூமி பீரின் ருசியே அந்த ஈஸ்ட்தான். மிஞ்சியதைப் பக்கத்துச் சந்துப் பெண்களுக்கு ஆலை வாசலில் வைத்து ஊற்றிக் கொடுப்போம். அவர்கள் ரொட்டிக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஹாலோவீன் அன்று மட்டும் வாசல் தாங்காது. அன்று எல்லா வீட்டிலும் பிராக் சுட வேண்டுமே! திராட்சை போட்ட அந்த ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை மறைத்து வைத்துச் சுடுவோம். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவர்களுக்கு வருஷத்துக்குள் கல்யாணம். இது இல்லாமல் எங்கள் ஊரில் ஹாலோவீன் கிடையாது.

விடிந்தும் விடியாமலும் தூறலில் வரிசை நின்றது. முதல் ஆள் பெக் ஹார்ட்னெட். ஆற்றோரத்தில் மீன் விற்கிறவள், கைம்பெண். அவள் குரல் எழும்பினால் அக்கரையில் குதிரை மிரளும். பின்னால் அவள் மகள் ஜூலியா, தொப்பிக் கடையில் தையல் வேலை பார்ப்பவள். அம்மாவுக்கும் சேர்த்து அமைதியாக இருப்பாள்.

"என்ன பெக், போன வருஷம் மோதிரம் உன் துண்டுலதானே வந்துச்சு? மாப்பிள்ளை எங்க?" என்றேன் கரண்டியோடு.

"வந்தான் கொப்னட்டம்மா. வாசல்ல நின்னு என் குரலைக் கேட்டான். அப்படியே அடுத்த தெருவுக்குப் போயிட்டான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜெரமையாவும் சிரித்தபடி ஒவ்வொருத்தியிடமும் பிள்ளைகுட்டி விசாரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வருஷத்தில் இந்த ஒரு காலைதான் பண்டிகை.

பீப்பாய் வற்றியது. வரிசை வற்றவில்லை. மேட்டுத் தெருப் பெண்களும் இந்த வருஷம் வந்திருந்தார்கள்.

"கிணத்தறையில இருக்கிற பானையை எடுத்துட்டு வரச் சொல்லு அக்கா" என்றான் தம்பி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது ஆபத்துக்குன்னு வெச்சிருக்கிற சேமிப்பு ஜெரி. அதுல கை வைக்காதே."

"பெரிய தொட்டியில புதுசு திரண்டுட்டிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல வழிச்சுடப் போறோம். நல்ல நாளும் அதுவுமா ஒருத்தியை வெறும் ஜாடியோட அனுப்பச் சொல்றியா?"

சொல்வதைக் கேட்கிற ஜென்மமா அது? பானையும் வந்தது. கடைசிப் பெண்ணின் ஜாடியில் பானையைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் கை கழுவினான்.

---

காலைச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் விஷயம் வெடித்தது.

பெரிய தொட்டியின் மூடியைத் திறந்தார்கள். தயிர் போல நிற்க வேண்டிய நுரை சளி போல நூல் விட்டது. வாடை மூக்கைத் துளைத்தது. காடிப் பீப்பாயில் செத்த எலி விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி.

கோர்மக் இங்கிலாந்திலிருந்து ஆசையாக வாங்கி வந்த ரப்பர் குழாயைக் கழற்றி, கத்தியால் கீறிப் பார்த்தான். உள்ளே சுவரெல்லாம் அழுக்கு. எங்கள் பழைய செம்புக் குழாய்க்குள் கொதிநீரை விட்டுக் கழுவுவோம். ரப்பர் உருகிவிடும் என்று இதற்கு வெந்நீரோடு நிறுத்தியிருக்கிறான். பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது.

"போகட்டும்" என்றான். "சேமிப்புப் பானையை எடுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பானை எங்க அத்தே?"

"வாசல் வழியா போயிடுச்சுப்பா."

மாடித் தட்டில், அகலமான ஆறவைக்கும் தொட்டியில், கிறிஸ்துமஸ் பீருக்கான பார்லி ஊறல் ஆறிக்கொண்டிருந்தது. விடியலிலேயே காய்ச்சி இறக்கியாகிவிட்டது. அன்றைக்கே ஈஸ்ட் விழாவிட்டால் அது புளித்து ஆற்றோடு போக வேண்டியதுதான். அதோடு இரண்டாவது வரிசையும் போகும். அங்கே நின்ற தொழிலாளிகள் எல்லோருக்கும் இது தெரியும். அவர்களில் பாதிப் பேர் அந்த வீடுகளில் குடியேறப் பெயர் கொடுத்தவர்கள்.

"ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தாச்சு. நம்ம தொட்டிக்கு ஒரு கரண்டி இல்ல!" என்று கத்தினான் மகன்.

"தொட்டியைக் கெடுத்தது யார் குழாய்?" என்றான் அப்பன்.

இரண்டும் உண்மை. அப்புறம் என்ன பேசுவது?

நான்தான் சொன்னேன். "ஜெரி, ஜாடியெல்லாம் இன்னும் சந்துலதான் இருக்கு. ஆள் அனுப்பிக் கேட்டா..."

"அக்கா!" அவன் அப்படி என்னை அதட்டியதே இல்லை. "கொடுத்ததைத் திருப்பிக் கேக்குற வேலை நம்ம வீட்டுல கிடையாது. அதுவும் இன்னிக்கு. குழந்தைங்க அந்த மோதிரத்துக்காக வருஷம் பூரா காத்துக் கிடக்குங்க. பேசாதே."

கோர்மக் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "அக்கரைக்குப் போறேன்."

அக்கரையில் இருப்பது வுட்ராஃப் ஆலை. எங்களுக்கும் அவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரு ஆலைக்காரன் ஈஸ்ட் கேட்டு வந்தால் இன்னொரு ஆலைக்காரன் இல்லை என்று சொல்லக் கூடாது. அடித்துக்கொண்டு சாகிறவர்கள்கூட இதை மீறியதில்லை.

---

குன்றின் மேல் இருக்கும் தேவாலயக் கடிகாரம் நான்கு முகத்திலும் நான்கு நேரம் காட்டும். எதை நம்புவது? வயிற்றை நம்பினால் மதியம் நெருங்கியிருந்தது. கோர்மக் வெறுங்கையோடு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தான். ஜெரமையா அதற்குள் மாடிக்குப் போய் ஊறலுக்குக் காவல்போல உட்கார்ந்துவிட்டான்.

"குடுக்கலையா?"

"குடுக்கறேன்றார். ரெண்டு பீப்பாய் எடுத்துட்டுப் போங்கறார். ஆனா வீடு கட்டுறது முதல் வரிசையோட நிக்கணுமாம். 'உங்கப்பா செங்கல் அடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து என் ஆளுங்களும் ஜன்னல் கேக்குறானுங்க'ன்னார்."

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மாடி ஜன்னல் வழியா அந்த அஸ்திவாரத்தையே பாத்துட்டிருக்கார்."

நியாயமாகப் பார்த்தால் இவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வீடு வேண்டாம் என்றுதானே ஆறு மாதமாகத் தொண்டை வறளக் கத்தினான்? தட்டில் வைத்த உருளைக்கிழங்கு மசியலைக்கூடத் தொடாமல் இருந்தான்.

"அந்த வுட்ராஃப் என்ன சொன்னார் தெரியுமா அத்தே? கதவு வரைக்கும் வந்து, தோள்ல கை போட்டு, 'உங்கப்பா ஒரு முட்டாள், உனக்காவது புத்தி இருக்கே'ன்னார்."

"நீ தினம் சொல்றதுதானே?"

"நான் சொல்லலாம்!" ஸ்டூல் கவிழ எழுந்தான். "நான் அவர் புள்ள, ஆயிரம் சொல்வேன். அந்த ஆள் யாரு சொல்றதுக்கு?"

அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வளர்த்தது வீணாகவில்லை. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் ஆண்பிள்ளைகளுக்குத் தலைக்கேறிவிடும்.

"சரி, கேளு. உங்கப்பா திருப்பிக் கேக்க மாட்டார். கொடுத்தவர். நான் கேக்க முடியாது, கரண்டி பிடிச்சவ. நீ என்னிக்காவது அந்த வாசல்ல ஒருத்திக்கு ஒரு கரண்டி ஊத்தியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப நீ தாராளமா கேக்கலாம். போ."

என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போனான்.

---

நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் அடுப்படியில் உட்கார என்னால் முடியுமா?

சந்தில் முதல் கதவு பெக் வீடு. தட்டினான். பெக் கை துடைத்தபடி வந்து, அவனைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

"அடேயப்பா, சின்னையா! வழி தப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒரு உதவி கேக்க வந்தேன். காலையில வாங்கின ஈஸ்ட்... இன்னும் இருக்கா?"

"எதுக்கு? போன மாசம் வாசல்ல நின்னுக்கிட்டு, 'இந்தக் கூத்தெல்லாம் சீக்கிரம் நிறுத்தப் போறேன்'னீங்களே. நிறுத்திட்டீங்களா?"

"அதுவா நின்னுடும் போலிருக்கு." தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். மழை தலையில் வழிந்தது. "பெரிய தொட்டி கெட்டுப்போச்சு. என் குழாயாலதான், வேற யாரும் காரணமில்ல. சேமிப்பையும் அப்பா உங்களுக்கே ஊத்திட்டார். இன்னிக்கு ஈஸ்ட் இல்லேன்னா கிறிஸ்துமஸ் பீர் இல்ல. பீர் இல்லேன்னா ரெண்டாவது வரிசை இல்ல. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தோலை உரிச்சுடுவார்."

பெக் உள்ளே திரும்பி மகளைப் பார்த்தாள்.

உள்ளே இருந்து ஜூலியா வந்தாள். ஈரத் துணி சுற்றிய ஜாடியை அவன் கையில் வைத்தாள். "நாங்க இன்னும் மாவு பிசையல. கிணத்துத் தண்ணியில இறக்கி வெச்சிருந்தேன். கெட்டிருக்காது" என்றாள்.

அவன் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பெக் தெருவுக்கு இறங்கினாள். மீன் கூவி விற்கும் குரலை எடுத்தாள். "அடியே! மாவுல ஈஸ்ட் ஊத்தாதவளுங்க ஊத்தாதீங்க! ஊத்தினவளுங்க கையை எடுங்க! டூமி ஐயா தொட்டி கெட்டுப்போச்சு, எல்லாரும் ஜாடியைத் தூக்குங்க!"

கதவுகள் திறந்தன. ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை ஐயா! இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

---

காலையில் நின்ற அதே வரிசை, அதே வாசல். இப்போது ஜாடிகள் உள்ளே வந்தன. கோர்மக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜாடியையும் முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, நல்லதைச் சல்லடை வழியே ஊற்றினான். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி "நன்றிம்மா" என்றான். பெயர் தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மேட்டுத் தெருப் பெண் ஒருத்தி பிசைந்த மாவையே பாத்திரத்தோடு தூக்கி வந்துவிட்டாள். "ஊத்திட்டேன் சின்னையா. பிழிஞ்சு எடுக்க முடியுமா பாருங்களேன்."

"முடியாதும்மா. நீங்க ரொட்டி சுடுங்க" என்றான். அவள் முகம் வாடியதைப் பார்த்து, "சுட்டு எங்களுக்கும் ஒரு துண்டு அனுப்புங்க" என்றான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

சத்தம் கேட்டு ஜெரமையா மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஜாடிகளைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"யார் கேட்டது?"

"நான்தாம்பா."

"கொடுத்ததைத் திருப்பிக் கேட்டியா? பண்டிகை நாள்ல, குழந்தைங்க வாயிலேர்ந்து? எல்லாரும் ஜாடியை எடுத்துட்டுப் போங்க. போங்கம்மா, வீட்டுக்குப் போங்க."

ஒருத்தியும் நகரவில்லை. பெக் ஹார்ட்னெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நீங்க பெரிய மனுஷர். ஆனா ஒண்ணு கேக்கறேன். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் எங்க வீட்டுல எல்லாரும் படுத்துட்டோம். கிணத்துல விஷம்னு ஊரே நடுங்குச்சு. நீங்க பீர் காய்ச்சுறதை நிறுத்திட்டு, அந்தப் பெரிய கொப்பரையில தண்ணி காய்ச்சி, வாளி வாளியா எங்க வாசல்ல கொண்டாந்து வெச்சீங்க. என் ஜூலியா அந்தத் தண்ணியிலதான் பொழச்சா. அன்னிக்கு நான் வேண்டாம்னு கதவைச் சாத்தினேனா?"

"அது வேற பெக்."

"என்ன வேற? இது நீங்க கொடுத்த ஜாடி இல்ல. எங்க கைக்கு வந்த அப்பவே எங்களுது. இப்ப எங்களுதை நாங்க கொடுக்கறோம். கொடுக்க மட்டும்தான் தெரியுமா உங்களுக்கு? வாங்கிக்கத் தெரியாதா?"

என் தம்பியை எனக்கு அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரியும். யாராவது நன்றி சொன்னால் "சரி சரி" என்று தலையைச் சொறிந்துகொண்டு ஓடுவான். தான் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவன் நின்று நான் பார்த்ததில்லை. அந்த வாசலில், தூறலில், தொப்பியைக் கழற்றினான்.

"நன்றிம்மா" என்றான். "எல்லாருக்கும் நன்றி."

"அவ்வளவுதானே! என்னமோ பல்லைப் புடுங்கின மாதிரி" என்றாள் பெக். மூக்கைச் சால்வை நுனியில் துடைத்துக்கொண்டது குளிரால் அல்ல.

---

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோர்மக் தொட்டி மேல் குனிந்து எங்களைக் கூப்பிட்டான். கறுத்த ஊறலின் மேல் வெள்ளையாக, மெல்லிசாக, பின்னல் லேஸ் போல நுரை விரிய ஆரம்பித்திருந்தது. ஜெரமையா மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். தாத்தா காலத்து வாசனை. சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

ஒரு ஜாடியை மட்டும் பெண்கள் பிடிவாதமாக எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாவு பிசையாமல் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பிராக், என் அடுப்பில். திராட்சையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பித்தளை மோதிரத்தை நானே மாவுக்குள் அழுத்தினேன். அன்று ராத்திரி எங்கள் சமையலறையில் நிற்க இடமில்லை. குழந்தைகள் படிக்கட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தன. ரொட்டியைக் காகிதம் போல மெல்லிசாக அறுத்தேன்.

"கோர்மக், அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு" என்றான் ஜெரமையா.

நேராகவே சொன்னான். என் தபால் வேலை போயிற்று.

கோர்மக் தள்ளினான். "அப்பா, ரெண்டாவது வரிசைக்குத் தண்ணிக் குழாயை வாசல்ல வைக்க வேண்டாம். குளிர்ல உறைஞ்சுடும். உள்ளே, அடுப்புப் பக்கமா கொண்டு வந்துடலாம்."

ஜெரமையா வெண்ணெய்க் கத்தியை அப்படியே பிடித்தபடி மகனைப் பார்த்தான். "ரப்பர் குழாயா?" என்றான்.

"செம்புதான்பா."

பெக் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ரொட்டி தீர்ந்தது. பொடிகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் ஒரு குழந்தை கேட்டது, "மோதிரம் யாருக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குழந்தைகள் வாயைத் திறந்து காட்டின. மேசைக்கு அடியில் தேடினோம். தட்டுகளைக் கவிழ்த்தோம். மோதிரம் இல்லை.

நான் போட்ட மோதிரம் எங்கே போகும்? யாரோ வாய்க்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ரொட்டி எப்படி இருந்துச்சு கோர்மக்?" என்று கேட்டேன்.

பிள்ளை வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். எதிரே ஜூலியா ஹார்ட்னெட், காலியாகிப்போன தன் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, காதுவரை சிவந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.